திரும்பிப் படுத்தால்தான் கேட்கும்… தெரியுமா?

மல்லாந்து படுத்திருக்கும்போது ஒளிந்துகொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்ததும் வெளியே வரும் இதய ஒலி ஒன்று உண்டு, தெரியுமா? சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களிடம் எழும், தணிந்த உறுமல் அது. மல்லாந்த நிலையில் தேர்ந்த காதுக்கும் தப்பிவிடும். நோயாளி இடப்பக்கம் திரும்பட்டும்! இதயத்தின் நுனி மார்புச் சுவரை நெருங்கி வரும். ஸ்டெதாஸ்கோப்பின் குழிந்த பக்கத்தை அங்கே லேசாக வைத்தால்… அதோ கேட்கிறது! கொஞ்சம் அழுத்தினீர்களோ, மறுபடியும் காணோம்!

அயோர்ட்டிக் வால்வு கசிந்தால் உத்தியே வேறு. எழுந்து உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். (டாக்டர் சீக்கிரம் கேட்டு முடித்தால் புண்ணியம்!)

இன்னும் வியப்பு வேண்டுமா? இதயத் தசை தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும் ஒரு நோய். அதில் குந்தி உட்கார்ந்தால் இரைச்சல் தணியும்; எழுந்து நின்றால் ஓங்கும்! நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அறை சுருங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது. மற்ற இரைச்சல்களில் பெரும்பாலானவை நின்றால் அடங்குபவை.

பி.பி. பார்க்கும்போது கையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினால் அளவு சுமார் 7 அல்லது 8 மி.மீ. ஏறிவிடும்! கால்மேல் கால் போட்டாலும் ஏறும், முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டாலும் ஏறும், பேசினாலும் ஏறும். மாடிப்படி ஏறி வந்தவரை அப்படியே ஸ்டூலில் உட்காரவைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே பட்டையைச் சுற்றுவது என்ன பரிசோதனையோ! 5 நிமிடமாவது சும்மா உட்காரவிட வேண்டாமா?

வயிற்றைத் தொட்டுப் பார்க்கையில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டால் வயிற்றுத் தசை விறைத்துவிடும். கைகள் பக்கவாட்டில், முழங்கால்கள் லேசாக மடங்கியிருந்தால் இளகும். சற்றே வீங்கிய மண்ணீரல் அப்போதும் அகப்படவில்லையா? வலப்பக்கம் ஒருக்களித்து, ஆழமாக மூச்சிழுத்தால் விரல்நுனியில் வந்து இடிக்கும்!

முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியும் கால் துள்ளவில்லை என்றால் கைவிரல்களைப் பார்க்கச் சொன்னவர் ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக். 1880களில்! இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து, எதிரெதிராக இழுக்கச் சொல்லி, இழுக்கும் அந்த நொடியில் தட்டினால், அதுவரை அசையாத கால் பல பேருக்குத் துள்ளும்!