தங்கச்சி தாளம் விடவில்லை



போன எபிசோட்டில் பழைய மெமரி கார்டுகளைப் பற்றிக் கதைத்தபோது, "ஒரே வீடியோ ஆறு ஃபைலா உடைஞ்சு கிடக்கு, எப்படி ஒண்டாக்குறது?" என்ற கேள்விக்கு நான் ஒரே வரியில் பதில் சொன்னேன்: "எடிட்டிங் சொஃப்ட்வெயாரில போட்டு ஒட்டி விடுங்கோ." அது பிழையான பதில். எவ்வளவு பிழை என்பது எனக்கே போன மாதம்தான் விளங்கியது. ஆகவே இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் ஒரு திருத்தம். கொஞ்சம் மன்னிப்பும்தான்.

2010 யூலையில் என் தங்கச்சியின் அரங்கேற்றம். வடமேற்கு லண்டனில் ஒரு பாடசாலை மண்டபம். வீடியோவுக்கு ஆள் பிடித்திருந்தும், "எதுக்கும் நீயும் ஒண்டு எடு" என்று அப்பா மாமாவின் புது எச்டி வீடியோ கமராவை என் கையில் தந்தார். பின்வரிசையில் முக்காலி வைத்து, ரெக்கோர்ட் அமத்தினேன். இடைவேளை வரைக்கும் அதில் கையே வைக்கவில்லை. இரண்டாம் பாதிக்கும் அப்படித்தான். அதாவது நான் எடுத்தது இரண்டே இரண்டு வீடியோ. ஆனால் கார்டைத் திறந்து பார்த்தால் 6 ஃபைல்.

நான் அப்போது யூனியில் முதலாம் வருசம், கொம்பியூட்டர் சயன்ஸ். எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை என்று நினைக்கிற வயசு. இலவச எடிட்டிங் சொஃப்ட்வெயார் ஒன்றில் 6 ஃபைலையும் வரிசையாக இழுத்துப் போட்டு, எக்ஸ்போர்ட் அமத்தி, டிவிடி எழுதிக் கொடுத்தேன். பிடித்த ஆள் தந்த வீடியோவில் அரைவாசி பூமாலையும் விருந்தினர் முகமுமாக இருந்ததால், என்னுடைய டிவிடிதான் ரொரன்ரோ பெரியம்மா வரைக்கும் போனது.

அதில் வர்ணத்தில் ஒரு இடம் இருக்கு. ரீச்சர் நட்டுவாங்கத்தில் ஜதி சொல்லுறா, மிருதங்கம் ஓடுது, தங்கச்சி ஆடுகிறாள். திடீரென்று படம் ஒருக்கால் தத்தும். தாளம் போட்டுக்கொண்டு பார்க்கிற ஆளின் கை அந்த இடத்தில் நிற்கும். அதன் பிறகு அவளின் கால் மிருதங்கத்துக்குக் கொஞ்சம் பிந்திப் பிந்தியே விழும். "அந்த இடத்தில பிள்ளை களைச்சிட்டா" என்று அம்மா பார்க்கிற ஆக்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லுவா. தங்கச்சியும் அதையே நம்பினாள். ஒருமுறை ரீச்சரிடமே கேட்டிருக்கிறாள். "எந்த இடம்? நீ ஒண்டும் விடேல்லையே" என்றாவாம் ரீச்சர். தன் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறா என்றுதான் அவள் நினைத்தாள்.

ரீச்சர் போன வருசம் காலமாகிவிட்டா. முதலாம் ஆண்டு நினைவுக்குப் பழைய மாணவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள், ரீச்சரின் குரல் வடிவாகக் கேட்கிற வீடியோ வேணும் என்று தங்கச்சி கேட்டாள். அப்பா அலுமாரியில் அழைப்பிதழோடு சேர்த்து அந்த மெமரி கார்டையும் ஒரு கவருக்குள் வைத்திருந்தார். அது இன்னும் வேலை செய்தது. அன்று இரவுதான் நான் 15 வருசத்துக்கு முதல் செய்த வேலையைத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

கமரா ஏன் வெட்டுது?

கமரா நிற்கவே இல்லை. ஃபைல்தான் நிறைஞ்சது. அந்தக் காலத்து கார்டுகள் ஃபாட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும். 1996இல் வின்டோஸ் 95இன் ஒரு பதிப்போடு வந்தது அது. ஒரு ஃபைலின் அளவை எழுத அதில் 32 பிட் இடம்தான் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 4,294,967,295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு ஃபைல் வளர முடியாது. அதுதான் நாங்கள் சொல்கிற 4 ஜிபி சுவர். சில கமராக்கள் இன்னும் முந்தி, 2 ஜிபியிலேயே வெட்டும்.

எங்கள் கமரா செக்கனுக்கு 17 மெகாபிட் எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கோ: 4 ஜிபி நிறைய ஏறக்குறைய 34 நிமிடம். 90 நிமிட முதல் பாதி என்றால் இரண்டு முழு ஃபைல், மூன்றாவது சின்னன். 75 நிமிட இரண்டாம் பாதிக்கும் இரண்டு முழுசு, ஒரு சின்னன். ஆக 6.

இதில் ஒரு நல்ல அடையாளம் இருக்கு. முழு அளவில் இருக்கிற ஃபைல் என்றால் அடுத்த ஃபைல் அதன் தொடர்ச்சி. சின்ன ஃபைல் வந்தால் அங்கே யாரோ ஸ்டொப் அமத்தியிருக்கிறார்கள். ஒட்ட வேண்டியது முதலாவது வகையைத்தான். எங்கள் கார்டில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் இருந்தது இடைவேளை. அதை ஒட்டத் தேவையில்லை.

வெட்டின இடத்தில் என்ன நடக்குது?

2006இல் சோனியும் பனசொனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி என்ற முறையில்தான் அந்தக் காலத்து எச்டி வீடியோ கமராக்கள் நிறைய எழுதின. ஃபைலின் கடைசியில் எம்டிஎஸ் என்று இருந்தால் அநேகமாக இதுதான். இதற்குள் படமும் சத்தமும் 192 பைட் பொட்டலங்களாக, ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். கமரா குழாயில் குடம் பிடிக்கிற மாதிரித்தான் வேலை செய்யும். ஒரு குடம் நிறைந்ததும் அடுத்த குடத்தை வைக்கும், தண்ணி நிற்காது.

ஆனால் ஒரு படமும் அதற்குரிய சத்தமும் அந்த ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. படம் முந்தி வரும், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். போடுகிற நேரத்தில் பிளேயர்தான் நேரக் குறிப்பைப் பார்த்து இரண்டையும் சேர்க்கிறது. லண்டன் கமராவில் ஒரு படம் 40 மில்லிசெக்கன். டொல்பி சத்தத்தின் ஒரு துண்டு 32 மில்லிசெக்கன். இரண்டும் ஒரே இடத்தில் முடிகிறதே அபூர்வம். ஆகவே ஒரு ஃபைலின் கடைசிப் படங்களுக்குரிய சத்தம் அடுத்த ஃபைலின் தொடக்கத்தில் கிடக்கும். படங்களும் தனித்தனி இல்லை. அநேகமானவை முன்னால் பின்னால் இருக்கிற படங்களில் சாய்ந்துகொண்டுதான் நிற்கும்.

எடிட்டிங் சொஃப்ட்வெயார் இந்த 6 ஃபைலையும் 6 தனி வீடியோவாகத்தான் பார்த்தது. இரண்டாவது ஃபைலின் கடைசியில் படத்துக்குச் சத்தம் இல்லை. மூன்றாவதின் தொடக்கத்தில் சத்தத்துக்குப் படம் இல்லை. அநாதையாக நின்றதை எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டியது. கூட்டம், பேச்சு, பிறந்தநாள் வீடியோ என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மிருதங்கம் ஓடுகிற இடத்தில் தெரியும். 34உம் 34உம் 68. வர்ணம் நடந்துகொண்டிருந்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

சரியாக ஒட்டுறது எப்படி?

ஃபைல்களைத் திறக்காமல், மாற்றாமல், பைட்டுக்குப் பின்னால் பைட்டாக அடுக்க வேணும். இரண்டு குடத்துத் தண்ணியையும் திரும்ப ஒரே அண்டாவில் ஊத்துகிற மாதிரி.

முதலில் கார்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஃபோல்டர்களோடு அப்படியே லப்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்கோ. வீடியோ ஃபைல்கள் ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். மக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே ஐகொனாகத் தெரிந்தால், ரைட் கிளிக் பண்ணி உள்ளே போகலாம். கார்டைப் பூட்டி ஒரு பக்கத்தில் வையுங்கோ. ஒட்டுகிற வேலையெல்லாம் கொப்பியில்தான்.

மக், லினக்ஸ் என்றால் டெர்மினலில் கட் என்ற கொமாண்ட். பூனைக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற அதே மூன்று எழுத்து. அதன் பின்னால் ஃபைல் பெயர்களை வரிசையாக எழுதி, வலப்பக்க அம்புக்குறி போட்டு, புதுப் பெயர் கொடுங்கோ. வின்டோஸ் என்றால் கொப்பி என்ற கொமாண்ட், பிறகு ஸ்லாஷ் பி, பிறகு பெயர்களுக்கு இடையில் கூட்டல் குறி, கடைசியில் ஒரு இடைவெளி விட்டுப் புதுப் பெயர். அந்த ஸ்லாஷ் பி-யை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் வின்டோஸ் வீடியோவை எழுத்து ஃபைல் என்று நினைத்து, 26ஆம் எண் பைட்டைக் கண்டதும் "முடிஞ்சுது" என்று அங்கேயே நிறுத்திவிடும்.

ஒட்டின பிறகு ஒரு சின்னச் சோதனை: புது ஃபைலின் அளவு துண்டுகளின் மொத்தத்துக்குச் சரியாக, ஒரு பைட்கூட மாறாமல் இருக்க வேணும்.

அந்தப் பெரிய ஃபைலை ரீவியில் போட வசதியாக மாற்ற, எஃப்எஃப்எம்பெக். 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய இலவச மென்பொருள். அதில் நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டியது "மைனஸ் சி கொப்பி" மட்டும்தான். "உள்ளே இருக்கிறதைத் தொடாதே, பெட்டியை மட்டும் மாத்து" என்று அர்த்தம். எம்கேவி பெட்டி நல்லது, டொல்பி சத்தத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும். சில நிமிடத்தில் முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் ஃபான் கத்தினால் எங்கேயோ திரும்ப என்கோட் நடக்குது, நிறுத்துங்கோ.

மூன்று கண்ணிகள்

ஒன்று, எம்பி4 ஃபைல்களை இப்படி அடுக்க முடியாது. ஒவ்வொரு எம்பி4க்கும் சொந்தமாக ஒரு உள்ளடக்க அட்டவணை இருக்கும். அடுக்கினால் பிளேயர் முதல் அட்டவணையை மட்டும் வாசித்து, முதல் துண்டோடு நின்றுவிடும். அதற்கு எஃப்எஃப்எம்பெக்கின் கொன்கட் முறை: ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் துண்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுக்கிறது. கொமாண்ட் லைன் பயம் என்றால் லொஸ்லெஸ்கட் என்ற இலவச அப், இதே வேலையை பட்டன் வைத்துச் செய்யும்.

இரண்டு, வரிசை. கோப்ரோ மாதிரிக் கமராக்களின் புதிய மொடல்களில் பெயரில் துண்டு எண் முன்னுக்கும் வீடியோ எண் பின்னுக்கும் வரும். பெயர்ப்படி அடுக்கினால் முதலில் எல்லா வீடியோக்களின் முதல் துண்டும் வரும், பிறகுதான் இரண்டாம் துண்டுகள். இரண்டு மெமரி கார்ட் பாவித்திருந்தால் இரண்டிலும் பூச்சியத்தில் இருந்து எண் தொடங்கியிருக்கலாம். குழம்பினால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளால் பாருங்கோ. ஏவிசிஎச்டி கமரா எடுத்த நேரத்தை வீடியோவுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஃபைலின் திகதி மாறினாலும் அது மாறாது.

மூன்று, அதே 4 ஜிபி சுவர் திரும்ப வரும். ஒட்டின ஃபைலை அம்மாவின் ரீவிக்கு யூஎஸ்பியில் கொண்டுபோனால், யூஎஸ்பி ஃபாட்32 என்றால் ஏறாது. அதை எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் பண்ணுங்கோ. அதற்கு முதல், அதற்குள் வேறு ஒண்டும் இல்லை என்று பாருங்கோ.

தங்கச்சி

அன்று இரவு முதல் மூன்று ஃபைலையும் அடுக்கி, அந்த இடத்துக்கு நேரே போனேன். ரீச்சரின் சொல் ஓடுது, மிருதங்கம் ஓடுது, கால் ஓடுது. எங்கே ஒட்டு என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. நேரத்தைப் பார்த்துத்தான் தாண்டிவிட்டது என்று தெரிந்தது. திரும்பத் திரும்ப ஆறு ஏழு தரம் பார்த்திருப்பேன். ரீச்சர் சொன்னது சரி. அவள் ஒண்டும் விடவில்லை.

அடுத்த நாள் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஒண்டும் சொல்லாமல் வர்ணத்தைப் போட்டேன். அவள் பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டபடி பார்த்தாள். அந்த இடம் வர முகம் சுருங்கியது. வந்தது, போனது. கை நிற்கவில்லை. முடியும்வரை ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப தாளம் விட்டது நீதான் அண்ணா."

ஓம். நான்தான்.

நினைவு நாளில் அந்த வர்ணத்தை முழுசாகப் போட்டோம். அம்மா இனி ஆருக்கும் சமாதானம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கவருக்குள், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இப்படி ஒரு கார்ட் கிடக்கும். மின்சாரம் இல்லாமல் வருசக்கணக்கில் கிடந்தால் அதில் இருக்கிறது மெல்ல மெல்ல அழியலாம். இந்தச் சனி ஞாயிறிலேயே எடுத்து, முதலில் கொப்பி பண்ணுங்கோ. ஒட்டுறது பிறகு ஆறுதலாகச் செய்யலாம். ஒட்டி முடித்த பிறகும் துண்டுகளை அழிக்க வேண்டாம். என்னைக் காப்பாற்றினது அப்பா எறியாமல் வைத்திருந்த அந்தத் துண்டுகள்தான்.

அடுத்த கிழமை சந்திப்பம்.