உங்களுக்குத் தெரியுமா? மனத்துக்குள் வாசித்த பியானோ

பியானோவைத் தொடாமல், வாசிப்பதாகக் கற்பனை செய்தாலே மூளை மாறத் தொடங்கும்!

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் ஒரு கருவியை உருவாக்கினர். தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் கணநேரம் மின்சாரம் பாயும். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையைத் தூண்ட, கைவிரல் வெடுக்கென்று துடிக்கும். விரலை அசைப்பதாக நினைத்துக்கொண்டால், அதே தூண்டலுக்குத் தசையில் எழும் மின்குறி பெரிதாகிறது.

1995இல் அல்வாரோ பஸ்குவல்-லியோன் குழு வெளியிட்ட ஆய்வில், பியானோ அறியாதவர்கள் ஐந்து விரல் பயிற்சியைத் தினமும் 2 மணி நேரம், 5 நாள் செய்தனர். ஒரு பிரிவினர் கையால் வாசித்தனர். மற்றொரு பிரிவினர் மனத்துக்குள் மட்டுமே வாசித்தனர்.

அந்தக் காந்தக் கருவியால் அளந்தபோது, இரு பிரிவினருக்கும் விரல்களை இயக்கும் மூளைப்பகுதி விரிந்திருந்தது! மனப்பயிற்சி செய்தவர்கள் பிறகு ஒரே ஒருமுறை, 2 மணி நேரம் கையால் வாசித்துப் பழகினர். 5 நாளும் கையால் வாசித்தவர்களின் திறனை எட்டிவிட்டனர்.