எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் கார்!

ஓசூரிலிருந்து பாரூர் வரை, அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் வண்டி ஒன்றும் புதுமையல்ல. அசோக் லேலண்ட் 1980-ல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது, டி.வி.எஸ்.-50 மொபெட் அதே ஆண்டில் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஆனால் உங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு கார் தயாராகும் என்றால் நம்புவீர்களா?

ரெஸின் மாடல் கார்தான் அது! இரண்டு திரவங்களைக் கலந்து, சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்த பாகங்கள் பெட்டியில் வருகின்றன. பெரும்பாலும் 24-ல் ஒரு பங்கு அளவு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாஸடரை அப்படிச் சுருக்கினால், சுமார் 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகள் வர்ண டப்பாவைத் தேடுவார்கள். அங்கேதான் தாய்மார்கள் குறுக்கிட வேண்டும்! அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வர, ஒருவித வழவழப்புப் பொருளைத் தடவியிருப்பார்கள். அது ஒட்டியிருக்கும் வரை வர்ணம் பிடிக்காது. நாலே நாளில் உரிந்து வரும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் கொண்டவர் சீயக்காய் போடாமல் புதுத் துணி உடுத்துவாரா? ஆகவே, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, அலசி, நன்றாகக் காய வையுங்கள். பெரிய தொழிற்சாலைகளிலும் உண்மைக் காரின் உடலை எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பிறகே வர்ணத்துக்கு அனுப்புகிறார்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. கூரிய சிறு கத்தி, சின்ன ரம்பம், அரம், 400 முதல் 800 எண் வரை நீரில் தேய்க்கும் உப்புத்தாள், சாமணம், மெல்லிய துளை போடும் கைக்கருவி, பட்டி, பிரைமர், சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் மாடலுக்கான பசை ரெஸினில் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கோணலாக வந்த பாகத்தைச் சுடுநீரில் சற்று வைத்தால் இளகும். நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், அப்படியே நிற்கும். காற்றுக் குமிழிப் பள்ளங்களுக்குப் பட்டி பாருங்கள். கண்ணாடி, கைப்பிடி போன்ற சிறு உறுப்புகளுக்குத் துளையிட்டு, மெல்லிய கம்பி செருகி ஒட்டினால் உறுதி. பிறகு பிரைமரை மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். மறைந்திருந்த குறையெல்லாம் அப்போது தெரியும்.

இனி, முக்கியமான எச்சரிக்கை. ரெஸின் தூள் மூச்சில் போவது நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். முகமூடி அவசியம். சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். சூப்பர் க்ளூவில் விரல்கள் ஒட்டிக் கொண்டால் இழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊற வைத்து மெதுவாகப் பிரியுங்கள். சிந்திய க்ளூவைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சு பட்டால் சூடேறிச் சுட்டுவிடும்.

கத்தி, ரம்பம், க்ளூ எல்லாம் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். கழுவுகிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தான் குளிக்க அடம் பிடிக்கும் பையன்கூடக் காரைக் குளிப்பாட்டச் சந்தோஷமாக ஓடி வருவான்!