நிலநடுக்கம் வந்த நாட்டுக்கு டூர் போறது தப்பா? நேபாளம் சொல்லும் பணக் கணக்கு



ஒரு நாட்டுல பெரிய நிலநடுக்கம்னு நியூஸ் வந்த உடனே, அங்க டிக்கெட் போட்டு வச்சிருக்கிறவங்க பண்ற முதல் வேலை என்ன? கேன்சல். ரீஃபண்ட் எவ்வளவு வரும்னு பார்ப்போம், அப்புறம் அதே லீவுக்கு கோவாவோ தாய்லாந்தோ தேடுவோம். இதுல தப்பே இல்லை. உயிர் முக்கியம். ஆனா ஆறு மாசம் கழிச்சும், ஒரு வருஷம் கழிச்சும் அதே பயத்துல அந்த நாட்டை லிஸ்ட்லயிருந்தே எடுத்துடுறோமே, அங்கதான் பிரச்சினை. "பாவம், அவங்களே கஷ்டத்துல இருக்காங்க, இப்போ போய் நாம ஊர் சுத்துறதா?" அப்படின்னு நல்ல மனசோட ஒரு காரணமும் சொல்லிக்கிறோம். அந்த நல்ல மனசு அங்க இருக்கிற ஒருத்தரோட வருமானத்தை என்ன பண்ணுதுன்னு நேபாளத்தை வச்சு இந்தப் பதிவுல பார்க்கலாம்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியம் 12 மணிக்கு கொஞ்சம் முன்னாடி. கோர்க்கா மாவட்டத்தை மையமா வச்சு 7.8 அளவுல நிலநடுக்கம். நேபாளத்துல சனிக்கிழமைதான் வார விடுமுறை, பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தது. இல்லைன்னா இழப்பு இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும். மே 12-ல 7.3 அளவுல இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9,000 உயிர்களை எடுத்தது. இடிஞ்ச வீடுகள் லட்சக்கணக்குல. சேதம், இழப்பு மொத்தம் சுமார் 700 கோடி டாலர்னு அரசாங்க மதிப்பீடு சொன்னது.

இப்போ மேப்பை எடுத்துப் பாருங்க. அன்னைக்கு நேபாளத்துல 75 மாவட்டங்கள். பாதிக்கப்பட்டது 31, அதுல கடுமையா அடி வாங்கினது 14. காத்மாண்டு பள்ளத்தாக்கு அந்த 14-ல வருது. அதனால டிவியில நாம திரும்பத் திரும்பப் பார்த்தது சரிஞ்சு விழுந்த தரஹரா கோபுரத்தையும், பக்தபூர் செங்கல் குவியலையும்தான். ஆனா போக்ரா ஏரிக்கரை, சித்வன் காடு, புத்தர் பிறந்த லும்பினி, முக்திநாத் இருக்கிற முஸ்தாங் எல்லாம் பெரிய சேதம் இல்லாம அப்படியேதான் இருந்தது. அங்கயும் ரூம் காலி. டூரிஸ்ட்டைப் பொறுத்தவரை "நேபாளம்" ஒரே ஒரு பேர்தான், மாவட்டம் மாவட்டமா யாரும் பிரிச்சுப் பார்க்கலை.

நம்பரைப் பாருங்க. 2014-ல வந்த வெளிநாட்டுப் பயணிகள் 7,90,118 பேர். 2015-ல 5,38,970. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காணாமப் போச்சு. 2016-ல 7,53,002, அதாவது பழைய அளவுக்குக்கூட வரலை. 2017-லதான் 9,40,218-னு தாண்டினாங்க, 2018-ல 11 லட்சத்துக்கு மேல. எக்செல்ல கோடு போட்டுப் பார்த்தா அழகான ரெக்கவரி, மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் மாதிரி இருக்கும். ஆனா அந்தப் பள்ளத்துல இருந்த குடும்பம் 2017 வரைக்கும் எதை வச்சு சாப்பிட்டுச்சு?

ஒரு மலையேற்றப் பாதையில சின்ன லாட்ஜ் நடத்துறவரை நினைச்சுக்கோங்க. மாசாமாசம் 1-ஆம் தேதி அக்கவுண்ட்ல சம்பளம் ஏறுற வாழ்க்கை இல்லை அது. வருஷத்துக்கு ரெண்டு சீசன்: மார்ச்லயிருந்து மே வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். இந்த அஞ்சு மாசத்துல சம்பாதிக்கிறதுதான் மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்கும். நிலநடுக்கம் வந்தது சரியா முதல் சீசன் நடுவுல. வாங்கி வச்ச அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அப்படியே இருக்கு, ஆள் இல்லை. இன்னைக்கு விக்காத சட்டையை நாளைக்கு விக்கலாம். இன்னைக்கு ராத்திரி காலியா இருந்த ரூமை நாளைக்கு விக்கவே முடியாது.

சரி, அக்டோபர்ல பார்த்துக்கலாம்னு காத்திருந்தாங்க. புது அரசியல் சட்டத்தை ஒட்டி தெராய் சமவெளியில போராட்டம் வெடிச்சு, செப்டம்பர் கடைசியில இந்திய எல்லை வழியா வர்ற சரக்கு நின்னு போச்சு. பெட்ரோல் இல்லை, சமையல் கேஸ் இல்லை, மருந்துக்குக்கூடத் தட்டுப்பாடு. 2016 பிப்ரவரி வரைக்கும் இதே நிலைமை. ரெண்டாவது சீசனும் போச்சு.

"ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா வைங்க"ன்னு நாம எல்லா வீடியோலயும் சொல்றோம். மாசச் சம்பளக்காரருக்கு அது சரி. சீசன்ல வாழுறவருக்கு ஆறு மாசம்ங்கிறது ஒரே ஒரு சீசன் தவறினாலே தீர்ந்துடும். உங்க வருமானத்துல பாதி இன்சென்டிவா, வருஷக் கடைசி போனஸா வந்தா உங்களுக்கும் இதே கணக்குதான். எத்தனை மாசம்னு எண்ணாதீங்க, எத்தனை தடவை பணம் வராமப் போனாலும் தாங்குவேன்னு எண்ணுங்க.

வீடு இடிஞ்சவங்களுக்கு அரசாங்கம் கொடுத்த மானியம் 3 லட்சம் நேபாள ரூபாய். நம்ம பணத்துல ₹1,87,500. முதல்ல 2 லட்சம்னு அறிவிச்சு, அப்புறம் கூட்டினாங்க. அதுவும் மொத்தமா இல்லை: 50,000, ஒன்றரை லட்சம், 1 லட்சம்னு மூணு தவணை. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் இன்ஜினியர் வந்து பார்த்து ஓகே சொன்னாதான் அடுத்தது. திரும்ப இடியாத வீடா கட்டணும்னு வச்ச விதி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா மலை மேல சிமென்ட்டும் கம்பியும் தூக்கிட்டுப் போற கூலியே ஒரு வீட்டு பட்ஜெட்டை முழுங்கிடும். மீதிக்கு என்ன வழி? ஊர்ல வட்டிக்கு வாங்குறது, இல்லைன்னா வீட்டுல ஒருத்தர் கத்தார், சவுதி, மலேசியான்னு கிளம்புறது. நேபாளப் பொருளாதாரத்துல ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு வெளிநாட்டுலயிருந்து வர்ற பணம்தான். அப்படிக் கிளம்பாம, சொந்த ஊர்ல, சொந்தக் குடும்பத்தோட இருந்தே வெளிநாட்டுப் பணம் சம்பாதிக்க மலைக்காரங்களுக்கு இருக்கிற முக்கியமான வழி டூரிஸம். அதனாலதான் அவங்க "வாங்க, வாங்க"ன்னு கூப்பிட்டாங்க.

எப்படிக் கூப்பிட்டாங்கங்கிறதும் சுவாரஸ்யம். 2015 ஜூன் 15-ஆம் தேதியே, முதல் நிலநடுக்கம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, காத்மாண்டு பள்ளத்தாக்கின் பாரம்பரியச் சின்னங்களைப் பயணிகளுக்குத் திறந்தாங்க. யுனெஸ்கோவே கொஞ்சம் பொறுங்கன்னு கவலைப்பட்டது. எனக்கும் அது அவசரம்னுதான் தோணுது. "நான் இப்போ நேபாளத்துல இருக்கேன்"னு எழுதின அட்டையைப் பிடிச்சு பயணிகள் போட்டோ போட்டாங்க. 2016 மார்ச்ல பிரிட்டன் இளவரசர் ஹாரி வந்து கிராமங்கள்ல தங்கினார். இதெல்லாம் விளம்பரம். உண்மையிலேயே வேலை செஞ்சதுன்னு நான் நினைக்கிறது வேற ஒண்ணு: வெளிநாட்டு நிலநடுக்க இன்ஜினியர்களை அன்னபூர்ணா, எவரெஸ்ட் பாதைகள்ல நடக்கவிட்டு, பாதை, பாலம், லாட்ஜ்னு பார்க்கச் சொல்லி ரிப்போர்ட் வாங்கினாங்க. அன்னபூர்ணா பக்கம் சேதம் மிகக் குறைவுன்னு வெளிய இருந்து வந்த ஒருத்தர் சொன்னாதானே நம்புவோம்? "எங்க கம்பெனி சூப்பர்"னு கம்பெனியே சொன்னா ஷேர் வாங்குவீங்களா? ஆடிட்டர் ரிப்போர்ட்தானே கேட்போம்.

எல்லா இடமும் அப்படித் தப்பிச்சுடலை. லாங்டாங் கிராமத்து மேல பனியும் பாறையும் சரிஞ்சு ஊரே ஏறக்குறைய முழுசாப் புதைஞ்சு போச்சு. உள்ளூர்க்காரங்க, வழிகாட்டிகள், பயணிகள்னு நூற்றுக்கணக்குல இறந்தாங்க. பிழைச்சவங்க காத்மாண்டுல கூடாரத்துல இருந்தாங்க. அப்புறம் திரும்பிப் போய், பழைய ஊருக்குப் பக்கத்துலயே புது லாட்ஜ்கள் கட்டினாங்க. இப்போ அந்தப் பாதையில நடக்கிறவங்க அந்தப் பாறைக் குவியலைத் தாண்டித்தான் போகணும். அங்க சத்தம் போட்டு ரீல்ஸ் எடுக்காதீங்க. கீழ இன்னும் ஆட்கள் இருக்காங்க. கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு லாட்ஜ்ல உட்கார்ந்து டீ சொல்லுங்க, சாப்பிடுங்க, தங்குங்க. அந்த ஊருக்கு வேண்டியது அதுதான்.

அப்போ எப்போ போகலாம்? என் கருத்து இதுதான். முதல் ரெண்டு மூணு மாசம் உங்க பணம் போகட்டும், நீங்க போக வேண்டாம். மீட்புப் பணிக்கு வேண்டிய ரூமும் வண்டியும் குடிதண்ணியும் நாம எடுத்துக்கக் கூடாது. லாட்ஜ்கள் திறந்துட்டோம்னு சொன்ன பிறகும் பயந்து ஒதுங்குறது அவங்களுக்கு ரெண்டாவது அடி. 2024 செப்டம்பர் கடைசியில பெய்ஞ்ச பேய்மழையில 200-க்கு மேல உயிரிழப்பு, பல நெடுஞ்சாலைகள் துண்டாச்சு. அதுக்கு அடுத்த வாரமே அக்டோபர் சீசன். "நேபாளமே மூழ்கிடுச்சு"ன்னு தலைப்பைப் பார்த்து முடிவு பண்ணாம, நீங்க போற மாவட்டம் எது, அந்த ரோடு திறந்திருக்கான்னு பார்க்கிறதுதான் சரி.

"சேவை பண்றேன்"னு அனாதை இல்லத்துல ஒரு வாரம் வாலன்டியரா இருக்கப் பணம் கட்டிப் போற பேக்கேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். பெற்றோர் இருக்கிற குழந்தைகளையே கிராமத்துலயிருந்து கூட்டிட்டு வந்து இப்படிக் காசு பார்க்கிறாங்கன்னு 2015-லயே யுனிசெஃப் எச்சரிச்சது.

சரி, உங்க பணம் யார் கைக்குப் போகுது? இங்கயே ஒரு பேக்கேஜ் எடுத்து முழுப் பணத்தையும் கட்டிட்டா, டிக்கெட், ஏஜென்ட் கமிஷன், பெரிய ஹோட்டல்னு போக, மலைமேல இருக்கிறவருக்குப் போய்ச் சேர்றது சொற்பம். முடிஞ்சவரை ஃப்ளைட்டை மட்டும் இங்க போட்டுட்டு, தங்குறது, சாப்பாடு, வழிகாட்டி, சுமை தூக்குறவர் எல்லாத்தையும் அங்கயே பதிவான ஏஜென்சி மூலமா பேசுங்க. பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "சுமை தூக்குறவருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" ஒருத்தருக்கு 30 கிலோதான் உச்ச வரம்பு. ₹500 மிச்சம் பிடிக்க அவர் முதுகுல 40 கிலோ ஏத்துறது சேமிப்பு இல்லை.

நம்மளுக்கு நேபாளம் ஏன் பட்ஜெட்டுக்கு வசதின்னும் சொல்லிடுறேன். இந்தியர்களுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட், இல்லைன்னா வாக்காளர் அட்டை போதும். 15-லயிருந்து 65 வயசு வரைக்கும் உள்ளவங்க ஆதார் மட்டும் வச்சு ஃப்ளைட் ஏற முடியாது, கவுன்ட்டர்ல போய் நின்னு அழாதீங்க. 1993-லயிருந்து ₹1-க்கு 1.60 நேபாள ரூபாய்னு ரேட் ஃபிக்ஸ். கடைக்காரர் விலை சொன்னா உடனே "ஐ.சி.யா, என்.சி.யா?"ன்னு கேளுங்க. ஐ.சி. நம்ம பணம், என்.சி. அவங்க பணம். கேட்காம 1,600-க்கு 1,600 எடுத்து நீட்டினா ₹600 காலி. ஃபாரெக்ஸ் கார்டு எடுக்காதீங்க, இந்திய வங்கிகள் தர்ற ஃபாரெக்ஸ் கார்டு நேபாளத்துல செல்லாது. 2024 மார்ச்லயிருந்து ஃபோன்பே நெட்வொர்க் க்யூ.ஆர். வச்சிருக்கிற நேபாளக் கடைகள்ல நம்ம யு.பி.ஐ. வேலை செய்யுது. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் இது நம்ம ஊர் போன்பே இல்லை, அது வேற கம்பெனி. மலைமேல சிக்னலே இருக்காது, அங்க ரொக்கம்தான். ₹100-க்கு மேற்பட்ட நோட்டுக்கான விதி அடிக்கடி மாறுது, கிளம்புற வாரம் ஒரு தடவை பார்த்துக்கோங்க. அன்னபூர்ணா பகுதிக்கு நுழைவுக் கட்டணம் மத்த வெளிநாட்டினருக்கு 3,000 என்.சி., சார்க் நாட்டுக்காரங்களான நமக்கு 1,000 என்.சி., அதாவது ₹625.

ஒரே ஒரு இடத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: டிராவல் இன்சூரன்ஸ். பாலிசியில மூணு வரி தேடுங்க. இயற்கைப் பேரிடரால பயணம் ரத்தானா பணம் வருமா, எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரண பாலிசிகள் பலதும் மலையேற்றத்தையே விலக்கி வச்சிருக்கும். ஹெலிகாப்டர்னு சொன்னதும் இன்னொண்ணு: தேவையே இல்லாம பயணிகளை ஹெலிகாப்டர்ல ஏத்தி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் போடுற மோசடியை 2018-ல நேபாள அரசாங்க விசாரணையே வெளிக்கொண்டு வந்தது. லேசான தலைவலிக்கே யாராவது ஹெலிகாப்டர் கூப்பிட்டா, முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே போன் போடுங்க.

அப்புறம் "இப்போ போ, அப்புறம் கட்டு"ன்னு வர்ற பர்சனல் லோன் டூர் ஆஃபர். கடன்ல நிக்கிற ஒரு ஊருக்கு உதவ நீங்க 12 மாச இ.எம்.ஐ.ல போய் நிக்கணுமா? மாசம் ₹4,000 ஆர்.டி. போட்டா ஒரு வருஷத்துல அசலே ₹48,000. அடுத்த அக்டோபர் சீசனுக்குத் தாராளமாத் திட்டம் போடலாம்.

உங்க வீட்டுல பெரியவங்க பெருமாள் பக்தர்களா இருந்தா இந்தக் கணக்கை அவங்களோட சேர்ந்து போடுங்க. 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணான திருச்சாளக்கிராமம்தான் முக்திநாத். இடம் சுமார் 3,700 மீட்டர் உயரம். போக்ராவிலிருந்து ஜோம்சோம் போற குட்டி விமானம் காலையில மட்டும்தான், மதியம் காத்து அடிக்க ஆரம்பிச்சா ரத்து. அதனால கையில ரெண்டு நாள் கூடுதல் லீவும், அந்த ரெண்டு நாளுக்கான ரூம் காசும் தனியா எடுத்து வைங்க. 60 வயசுக்கு மேலன்னா பிரீமியம் கூடும், பி.பி., சுகர் இருந்தா மறைக்காம பாலிசியில எழுதுங்க. போக்ராவுல ஒரு ராத்திரி, ஜோம்சோம்ல ஒரு ராத்திரி தங்கி மெதுவா ஏறினா உடம்பும் பழகும், ரெண்டு ஊர் லாட்ஜ்காரருக்கும் வியாபாரம்.