வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற மூடு பயிர்

ஐரோப்பிய தேசங்களில் பழமரங்களுக்கு இடையே வெறுநிலம் தோன்றாவண்ணம் க்ளோவர் என்னும் மூவிலைப் பூண்டை விதைத்து வைப்பது நெடுநாளைய வழக்கம். அதன் பெருமையைப் படித்தறிந்து, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலும் அதனை விதைத்துப் பார்க்கலாமே எனச் சிலர் எண்ணுவதுண்டு. அது குளிர்நாட்டுப் பூண்டு. நீலகிரி மலையில் வெள்ளைக் க்ளோவர் தானே படர்ந்து கிடக்கும். சித்திரை வெயிலில் காயும் செம்மண்ணில் அது நிலைபெறாது. விதைக்கென இடும் பணம் வீணேயாகும். ஆயினும் க்ளோவர் செய்யும் வேலையைச் செய்யவல்ல செடிகள் இங்கேயே உள்ளன.

அவ்வேலை யாதெனில், முதலாவது மண்ணைக் காத்தல். இப்பகுதியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒருமிக்கப் பெய்கிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரியை அடுத்துக் கரையேறிய பெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரையொட்டி மழை பெய்தது. நாள்தோறும் பெருக்கிச் சருகைக் கொளுத்தி, வெறுமையாக வைத்திருக்கும் கொல்லையில் இத்தகைய மழை விழுமாயின், எருவோடு கூடிய மேல்மண்ணே முதலில் ஓடும். இலை மூடிய நிலத்திலோ துளியின் வேகம் தழையில் தணிந்து, நீர் மெல்ல உள்ளிறங்கும்.

இரண்டாவது, தழைச்சத்தைச் சேர்த்தல். அவரைக் குலத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் உருவில் மாற்றித் தருகின்றன. நிலக்கடலையும் அக்குலத்ததே. ஆகவே, கடலை போட்ட நிலத்திற்கு வேறு தழை எதற்கு என்று கேட்கலாம். 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 ரகத்தினால் திண்டிவனத்தின் பெயரைக் கடலை எங்கும் பரப்பியது உண்மையே. ஆனால் கடலைச் செடியை வேரோடு பிடுங்குகிறோம். காய் மண்டிக்கும், கொடி மாட்டிற்கும் போகிறது. நிலத்திற்கு எஞ்சுவது சொற்பம்.

மணற்பாங்கான செம்மண் கொல்லைக்குக் கொழுஞ்சியே சிறந்தது. வறட்சியைத் தாங்கும். ஆடுமாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. வேலியில்லாக் கொல்லையுடையார்க்கு இது பெரிய அநுகூலம். கிடையாக இதன் முதல் வளர்ச்சி மந்தமானது, பொறுமை வேண்டும். களிப்பாங்கான நிலத்திற்குப் பில்லிப்பயறும், உவர் நிலத்திற்குத் தக்கைப்பூண்டும் ஏற்றவை. பில்லிப்பயற்றை மாட்டிற்கு அறுத்துப் போடவும் செய்யலாம்.

கொழுஞ்சி விதையின் தோல் கடினமானது. அப்படியே தூவினால் பெரும்பகுதி முளையாது கிடக்கும். பருமணலுடன் சேர்த்து நன்றாகத் தேய்த்த பின்னரே விதைக்கவேண்டும். ஒரு செண்ட் நிலத்திற்குச் சுமார் 80 கிராம் விதை போதும். ஆவணிக் கடைசியில் ஈரம் கண்டு விதைத்தால், ஐப்பசி அடைமழைக்குள் நிலம் ஓரளவு மூடிவிடும். எலுமிச்சை, முருங்கை முதலியவற்றின் அடியில் இரண்டடிச் சுற்றை வெறுமையாக விடுக. நடைபாதையையும் கிணற்றோரத்தையும் மூடவிடலாகாது. புதரில் பாம்பு அடையும்.

பூக்கும் தருணத்தில் செடியைப் பிடுங்காமல், தரையை ஒட்டி அறுத்து, மரத்தடியில் பரப்புக. வேர் மண்ணிலேயே மட்கும். கத்தரி, வெண்டை நடும் பாத்தியாயின் தழையை மண்ணோடு கொத்திப் புதைத்து, இரண்டு வாரம் கழித்தே நாற்று நடவேண்டும். மூடு பயிரும் நீர் குடிக்கும் பயிரே. மழை ஓய்ந்தபின் அதற்கெனக் கிணற்று நீரை இறைப்பது தகாது.

விதை கிடைப்பதே இதில் உள்ள தடை. ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் கொழுஞ்சி தானே வளர்கிறது. காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடுமாதலால், பழுப்பு நிறம் கண்டவுடன் காலை வேளையில் அறுத்துக் களத்தில் உலர்த்த வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் அக்காலத்தில் அச்செடிகளை வெட்டியெறிய விடாது, விதை சேகரிப்போர்க்கு இடங்கொடுப்பாராயின், அடுத்த ஆவணிக்கு வேண்டிய விதை ஊரிலேயே கிடைக்கும்.