காசில் கடவுள் நாமம் வேண்டுமா?

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்து மீன் விலைபோகும் வேளையிற் சென்று நிற்பவர்கள், பணத்தாள்கள் எத்துணை விரைவிற் கைமாறுகின்றன என்பதைக் காண்பார்கள். சம்மாட்டியார் முதன்முதற் கிடைத்த தாளைக் கண்களில் ஒற்றிக்கொண்டு மடியிற் செருகுகின்றார். அத்தாளில் எத்தெய்வத்தின் பெயருமில்லை. 100 ரூபாத் தாளாயின், அதில் உள்ளவை லக்சபான நீர்வீழ்ச்சியும், இதே புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையமுமே. 2011ஆம் ஆண்டு வெளிவந்த அத்தாளை மடியில் வைத்துக்கொண்டு தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்லும் அடியார், வழியில் அந்நிலையத்தின் புகைபோக்கியை நேரிலும் கண்டு செல்லலாம்.

ஒரு நாட்டின் பணத்திலே சமய வாசகம் பொறிக்கப்படுதல் தகுமோ என்னும் வினா, மாணவர் விவாத அரங்குகளுக்கு மிகவும் உகந்தது. இரு கட்சியாருக்கும் பேசுவதற்கு நிறைய உண்டு. ஆயினும் நம்மிற் பலர், இஃது அமெரிக்கர்களின் வழக்கு, நமக்கு இதில் என்ன என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வாறன்று. நம் கரையிலேயே இதற்குப் பழங்கதை உண்டு.

1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த பத்தாலா என்னும் பட்டினத்தில் வந்திறங்கினார். அப்பட்டினம் புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர். கறுவா மரங்கள் வெள்ளத்தால் அடித்துவரப்பட்டுக் கரையெங்கும் குன்றுகளாய்க் குவிந்து கிடந்தன என்றும், மலையாளக் கரையாரும் மாபார் நாட்டாரும் விலை கொடாமலே அவற்றை அள்ளிச் சென்று, அரசனுக்குத் துணிமணிகளை மாத்திரம் காணிக்கையாய் அளித்தனர் என்றும் அவர் எழுதி வைத்தார். அவ்வரசன் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்தை ஆண்ட அம்மரபினர் வெளியிட்ட காசுகளில் ஒரு புறம் நிற்கும் உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் காணப்படும். இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் என்பது அம்மன்னர்களின் பெருமை. ஆகவே அது சமய வாசகந்தான். அதே வேளையில் அது குலப்பட்டமுமாம்.

இங்கே நாம் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது. நந்தியைக் காசில் வைத்த அந்தச் சைவ மரபினனே, முஸ்லிம் விருந்தினரைப் பல்லக்கில் ஏற்றி, நான்கு யோகியரையும் மூன்று அந்தணரையும் துணையாக்கி, பாவாதமலைக்கு வழியனுப்பி வைத்தான். காசிற் சமயச் சின்னம் இருந்தமையாற் பிற மதத்தார் வெறுக்கப்பட்டனர் என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைய காசு அரசனுடைய காசு. இன்றைய பணம் குடிகள் அனைவருடைய பணம். இவ்வேறுபாட்டை மறந்து பழம்பெருமை பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

பின்னர் வந்தவர்கள் ஒல்லாந்தர். 1667இல் அவர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கற்பிட்டியில் நிற்கின்றது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கொம்பனிக்கென ஹெல்டர்லாந்து மாகாணத்தில் அடித்த செப்புக் காசுகளில் ஒரு புறம் கொம்பனியின் முத்திரை; மறுபுறம் ‘எமது நம்பிக்கை இறைவனிடத்தே’ என்னும் பொருள்பட இலத்தீன் மொழி வாசகம்! கறுவாவுக்கும் முத்துக்கும் கீழைத் தேசங்களை முற்றுகையிட்டவர்கள் இறைவனிடத்து வைத்த நம்பிக்கையை எண்ணினால் நகைப்புத்தான் வருகின்றது.

அமெரிக்காவில் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, போதகர் ஒருவர் திறைசேரிச் செயலாளர் சேசுக்கு விண்ணப்பம் எழுதினார். அதன் பயனாக 1864இல் இரண்டு சதக் காசொன்றில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் முதலிற் பொறிக்கப்பட்டது. 1907இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் புதிய பொற்காசுகளில் அதை விடுத்தார். அவர் நாத்திகரல்லர். தெய்வ நாமத்தைக் காசிற் பொறிப்பது தெய்வ நிந்தனைக்கு அண்மித்தது என்பதே அவர் கருத்து. மக்கள் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டே காங்கிரஸ் அவ்வாசகத்தை மீட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லாப் பணத்துக்கும் கட்டாயமாக்கியது. பொதுவுடைமை நாடுகளோடு பகை முற்றியிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ரூஸ்வெல்ட்டின் வாதமே நமக்குப் பெரிதும் பொருத்தமாய்ப்படுகிறது. 2022 ஒக்டோபரில் டில்லி முதலமைச்சராயிருந்த கெஜ்ரிவால், இந்தியத் தாள்களில் இலக்குமியையும் பிள்ளையாரையும் அச்சிட வேண்டுமென்று கேட்டார். இந்தோனேசியா 1998இல் வெளியிட்ட 20,000 ரூபியாத் தாளில் பிள்ளையார் இருந்ததை எடுத்துக் காட்டினார். இந்துக்களாகிய நமக்கு அதைக் கேட்கையில் உள்ளம் குளிரத்தான் செய்யும். ஆனால் அதே 2022இல் நம் நாட்டில் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலேறியதை மறந்துவிட்டோமா? தாளிற் பிள்ளையார் இருந்திருப்பின் அவரும் அல்லவா மதிப்பிழந்திருப்பார்! மீன் குருதி தோய்ந்த கைகளும், சாராயக் கடை மேசையும், கையூட்டுப் பெறுவோன் சட்டைப்பையும் கடந்து செல்லும் தாள் அது. கிழிந்தால் ஒட்டுவோம், காலில் மிதிபட்டாற் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், தெய்வ உருவம் இருந்தால் என்ன செய்வோம்?

இரண்டாவது காரணமும் உண்டு. அதை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது. நம் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கின்றது. 1957இல் புத்த ஜயந்தியின் நினைவாக 5 ரூபா வெள்ளிக் காசும் 1 ரூபாக் காசும் வெளியாயின. 1972இல் ஏற்கப்பட்ட அரச இலச்சினையின் உச்சியில் தர்மச்சக்கரம் உண்டு. அவ்விலச்சினை நம் காசுகளில் இடம்பெறுகின்றது. நினைவுக் காசு ஒரு கொண்டாட்டம். அதிற் குறை காண நாம் விரும்பவில்லை. ஆனால் நாளாந்தம் வழங்கும் தாளில் ஒரு சமயத்தின் வாசகம் ஏறுமாயின், முன்னேசுவரத்து அருச்சகரும், புத்தளம் பள்ளிவாசலுக்குச் செல்லும் உப்பளத் தொழிலாளியும், தலவிலக்குச் செல்லும் மீனவரும், தம் கூலியை வாங்கும் ஒவ்வொரு முறையும் ‘இது நமதோ, பிறரதோ’ என்று எண்ண நேரும். நம்முடைய வாசகமே ஏறினாலும், அவ்வெண்ணம் மற்றவர் உள்ளத்துக்கு இடம் மாறுமேயன்றி இல்லாமற் போகாது. மும்மொழியும் தாளில் இருப்பதாற் பிறந்த உரிமையுணர்வை நாமே குலைப்பதா?

தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கின்றது. அந்தச் சொல்லுக்கு மேலே வேறு வாசகம் என்ன வேண்டும் என்று மாணவர் யாரேனும் மேடையிற் கேட்டால் நாம் கைதட்டுவோம்.

சித்திரைப் புத்தாண்டிற் பெரியவர்கள் கைவிசேடம் வழங்குகையில், எந்தக் குழந்தையும் காசைத் திருப்பிப் பார்த்து வாசகம் தேடுவதில்லை. உடப்புத் திரௌபதை அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மாரும் அவ்வாறே. கையிலிருக்கும் 100 ரூபாத் தாளை, நுரைச்சோலைப் புகைபோக்கிப் படம் உட்புறமாகப் போக நான்காய் மடித்து, மஞ்சள் துணியில் முடிந்து, சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள்.