படியெடுத்தலும் பாதுகாத்தலும்: கணிப்பொறித் தரவுகளுக்கு ஏற்ற காப்புமுறை

முன்னுரை

ஓலைச்சுவடி செல்லரிக்கும், காலத்தால் முறியும். ஆதலின் நம் முன்னோர் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தனர். ஒரே நூலின் படிகள் பல ஊர்களில் இருந்தமையால்தான் உ.வே. சாமிநாதையர் அவற்றை ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. ஏட்டின் இடத்தைத் தாள் பிடித்தது. இன்று தாளின் பணியைக் கணிப்பொறி செய்கிறது. படியெடுக்கும் கடமை மட்டும் மாறவில்லை. அதனை எம்முறையில் ஆற்றுவது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எதனை இழக்கலாகாது?

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவர் ஒருவர், முதிய பெண்மணி ஒருவர் பாடிய தாலாட்டுகளை ஒலிப்பதிவு செய்து, தம் கணிப்பொறியில் மட்டும் வைத்திருந்தார். ஒருநாள் அதன் வன்தட்டு இயங்காது நின்றுவிட்டது. ஆய்வேட்டினை, அச்சிட்டு வைத்திருந்த தாள்களைப் பார்த்து மீண்டும் தட்டச்சுச் செய்துவிட்டார். பாடல்களை மீண்டும் பதிவு செய்ய அவ்வூருக்குச் சென்றபோது, அம்மூதாட்டி மறைந்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன.

காப்புமுறையைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய வினாக்கள் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியுள்ளன. மீண்டும் உண்டாக்க இயலாதது எது? எத்தனை நாள் உழைப்பை இழந்தால் நம்மால் தாங்க இயலும்? விலையையும் கருவியையும் பற்றிய ஆராய்ச்சி இவற்றிற்குப் பின்னரே வரவேண்டும்.

மூவகைப் படிகள்

கணிப்பொறித் தரவுகளைப் படியெடுக்கும் முறை மூவகைப்படும். அனைத்தையும் ஒருசேர எடுப்பது முழுப்படி. கடைசி முழுப்படிக்குப் பின் மாறியவை அனைத்தையும் ஒவ்வொரு முறையும் எடுப்பது வேறுபாட்டுப்படி. முந்தைய நாள் எடுத்த படிக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது கூடுதற்படி.

ஒரு துறையில் 100 ஜிகாபைட் தரவு உள்ளது எனவும், நாள்தோறும் அதில் வெவ்வேறு பகுதிகளாக 1 ஜிகாபைட் மாறுகிறது எனவும் கொள்வோம். ஞாயிறன்று முழுப்படி எடுத்தபின், திங்கள் முதல் சனி வரை வேறுபாட்டுப்படிகளுக்கு 1, 2, 3 என வளர்ந்து மொத்தம் 21 ஜிகாபைட் இடம் வேண்டும். கூடுதற்படிகளுக்கு 6 ஜிகாபைட் போதும். ஆனால் சனிக்கிழமை இரவு வன்தட்டு பழுதானால், முன்னதில் முழுப்படியும் கடைசிப் படியும் ஆகிய இரண்டே போதும். பின்னதிலோ ஏழு படிகளும் வேண்டும்; இடையில் ஒன்று பழுதானாலும் அதற்குப் பிந்தியவற்றை முறையாக மீட்க இயலாது. இடம் மிச்சமாகும்போது மீட்கும் எளிமை குறைகிறது. ஆகவே சிறிய துறைகளுக்கு வாரம் ஒரு முழுப்படியும் நாள்தோறும் வேறுபாட்டுப்படியும் பொருத்தமானவை எனலாம்.

எங்கே வைப்பது?

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் 2021 மார்ச் 10 அன்று தீக்கிரையானது. மூலத்தையும் படியையும் அங்கேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். ஓரிடத்தில் உள்ள இரண்டு படிகள் தீயின் முன் ஒரு படியே. இதனால்தான் மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேற்றிடத்தில் என்னும் விதி இத்துறையினரிடையே வழங்கி வருகிறது.

இணையவழிச் சேமிப்பு வேற்றிடப் படியாக உதவும். எனினும், இங்கே அழித்தால் அங்கும் உடன் அழியும்படி இணைக்கப்பட்டது உண்மையான காப்பன்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் இணைந்திருக்கும் வன்தட்டையும் தாக்கும். ஆதலின் படியெடுத்தவுடன் புறவன்தட்டினைக் கழற்றி வைத்தல் இன்றியமையாதது.

மீட்டுப் பார்த்தல்

1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி தவறான கட்டளை ஒன்றினால் அழிந்தது. காப்புப் படியை நாடியபோது அது முறையாகப் பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்னும் அம்மையாரின் கணிப்பொறியில் இருந்த படியே அப்படத்தைக் காப்பாற்றியது. எல்லாருக்கும் இத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. பருவத்திற்கு ஒரு முறையேனும் படியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணிப்பொறியில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத படி வெறும் நம்பிக்கையே.

முடிவுரை

இழக்கலாகாததை அறிதல், தாங்கும் இழப்பை அளத்தல், அதற்கேற்ற படிவகையைத் தேர்தல், வேற்றிடத்தில் வைத்தல், மீட்டுப் பார்த்தல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே காப்புமுறை. இதற்கு ஆகும் பொருட்செலவு சிறிது, வேண்டுவது பழக்கம். பிறர் நம்மை நம்பி அளித்த குரலும் எழுத்தும் அடைக்கலப் பொருள்கள். இக்கட்டுரையைப் படித்து முடிக்கும் மாணவர்கள் இன்றே ஒரு படி எடுப்பார்களாயின், அதுவே இதன் பயனாகும்.